ஆப்பிளுக்குப் பொன்னாடை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனசேகரனுக்குக் கல்வராயன் மலையில் ஒரு வீடும், பீரோ நிறையப் பொன்னாடைகளும் உண்டு. அவர் மனைவி தங்கமணிக்குக் கொல்லையில் ஒரே ஒரு ஆப்பிள் மரம். போன தையில் பனி பட்டு அதன் பூவெல்லாம் கருகிப்போனது.

இந்தத் தையில் ஒருநாள் காலை தனசேகரன் கொல்லைக்குப் போனால், மரம் பதினோரு பொன்னாடைகளைப் போர்த்திக்கொண்டு, பேசக் கூப்பிட்டால் மேடையேறிவிடும்போல நின்றது.

“இன்னா தங்கமணி இது? எல்லாம் எனக்குப் பண்ண மரியாதை!”

“பீரோவுல சும்மாதான தூங்கிக்கினு இருந்திச்சிங்க. மரத்துக்குக் குளிருதில்ல?”

மிச்சப் பொன்னாடைகளை அவர் எண்ணிப் பூட்டினார். இந்தத் தடவை பூ கருகவில்லை.

வைகாசியில் பதினான்கு காய் தேறியது. பதின்மூன்றைக் குரங்குகள் தின்றுவிட்டுப் போயின. மிஞ்சிய ஒன்றைக் காவல் காத்தபடி, சோறுகூட இறங்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் தங்கமணி.

தனசேகரன் உள்ளே போய், தனியாகப் பூட்டி வைத்திருந்த ஜரிகைப் பொன்னாடையை எடுத்து வந்தார். நாற்காலியில் ஏறி, அந்தக் காயைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“ஏங்க, அது மந்திரி போட்டதாச்சே!”

“கொரங்குக்கு அது தெரியவா போவுது? நாற்காலியப் புடி, ஆடுது.”