'என்னைப் பற்றி' பெட்டி

பள்ளிக்கூட அலுவலகத்தில் நாளெல்லாம் பட்டியல் அடித்துவிட்டு வந்த ரெத்னோவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தும் மடிக்கணினியைத் திறந்தாள். அலுவலகத்தில் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருக்கிறார்களே என்று, டெம்ப்ளேட் எனப்படும் இலவச ஆயத்த வடிவமைப்பு ஒன்றை இறக்கி மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கலர்தான் மாத்திட்டிருக்கியா? எழுதுறது எப்போ?" என்றான் கணவன் தர்சோனோ.

"நீங்க பேசாம கஷாயத்தைக் குடிங்க."

கடைசியில் அந்தக் கஷாயத்தைப் பற்றியே எழுதினாள். சம்பிலோத்தோ என்கிற நிலவேம்பு இலையைக் காய்ச்சிக் குடித்ததில் கணவனுக்குச் சர்க்கரை இறங்கிய கதை. மாத்திரையையும் அவன் விடாமல் போட்டான் என்று எழுத அவளுக்குத் தோன்றவில்லை. ஓரத்தில் 'என்னைப் பற்றி' என்றொரு பெட்டி இருந்தது. அதில் தன் பெயரையும் படத்தையும் போட்டாள். கீழே டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கில வரிகள் அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. ஆங்கிலம் இருந்தால் எடுப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டாள். தொடர்புப் பக்கத்தில் வீட்டு முகவரியும் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, டெமாக் என்ற ஊரிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் நினிங். முகமெல்லாம் வாடிக் கிடந்தது.

"டாக்டர், சர்க்கரை முத்தி அம்மாவோட ஒரு காலையே எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அம்மா சம்மதிக்கல. உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"டாக்டரா? நான் ஸ்கூல் கிளார்க்கும்மா."

நினிங் கைப்பேசியை நீட்டினாள். "பதினஞ்சு வருஷ அனுபவமுள்ள டாக்டர்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கே? இதைப் படிச்சுச் சொன்னதே நான்தான். அதை நம்பித்தானே அம்மா மாத்திரையை நிறுத்திட்டு கஷாயத்தைக் குடிச்சாங்க?"

ரெத்னோ கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "அது நான் எழுதினதில்லம்மா. டெம்ப்ளேட்லயே இருந்தது. அழகா இருக்கேன்னு..."

"பேரும் படமும் உங்களுதுதானே?"

நினிங் சண்டை போடவில்லை. சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை.

"உங்க பேரைப் போட்டு ஊருக்குக் காட்டுற ஒவ்வொரு வரிக்கும் நீங்கதான் பொறுப்பு, மேடம். டாக்டர் கொடுத்த மாத்திரையை இணையத்துல படிச்சதை நம்பி நிறுத்தக்கூடாதுன்னு எங்களுக்கும் இப்பதான் உறைக்குது. கிளம்புங்க, நீங்க டாக்டர் இல்லைன்னு அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த வலைப்பூ டாக்டர் சொன்னாத்தான் கேட்பேங்கிறாங்க."