அரிசிப் பை நெளியாது

பக்கவாதம் என் இடக்கையைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. "கை சரியாகட்டும்மா, பேரனை உங்கிட்ட விட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை பாடும். இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் தூக்க என்ன இருக்கிறது? ரிமோட்டும் என் ஒரு தட்டும்தான்.

அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, தினமும் ஒரே நாற்காலியிலிருந்து எடுத்து எடுத்துத் தோளில் போட்டுப் பழகினேன். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் வந்தபோது பெருமையாகச் செய்தும் காட்டினேன்.

"சித்திரமும் கைப்பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க?"

"பையத் தூக்கத்தான் பழகியிருக்கீங்க ஆன்ட்டி. பை நெளியுமா? மாத்தி மாத்திப் பண்ணுங்க. தடுமாறினாத்தான் கை கத்துக்கும். யாரையாவது திடீர்னு எதையாவது தூக்கிப் போடச் சொல்லுங்க, பிடிங்க."

யாரை? சுவரையா? நானே போட்டு நானே பிடித்தால் எங்கே வரும் என்று எனக்குத்தான் தெரியுமே. அவள் வீட்டில் ஆள் நிறைய போலிருக்கிறது.

பின்வாசலுக்கு வரும் பூனைதான் அகப்பட்டது. பாலைக் காட்டித் தூக்கினேன். அம்மாடி, என்ன துள்ளல்! ஒரு நேரம் பக்கவாட்டில் வழுக்கும், ஒரு நேரம் தலைகீழாகத் தொங்கும். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான் என் கதை. கை முழுக்கக் கீறல். ஆனாலும் போகப் போக, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் கை தானாக அங்கே போய் நின்றது.

மகள் குழந்தையோடு வந்தாள். முதலில் கண்ணில் பட்டது கீறல்கள்தான்.

"என்னம்மா இது?"

"பூனைடி. அத வச்சுத்தான் தூக்கிப் பழகுறேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அரை மனதாகத்தான் குழந்தையைக் கொடுத்தாள். வாங்கினேனோ இல்லையோ, அவன் வில்லாக வளைந்து பின்னால் சாய்ந்தான். என் இடக்கை பாய்ந்து அவன் பிடரியைத் தாங்கிவிட்டது. பிறகுதான் அவள் கை வந்தது. அதுவும் என் புறங்கைமேல் வந்து விழுந்தது.

"நான் பிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்!" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "இவனக் குழந்தைகள் காப்பகத்துலயே சேத்துடுறேன். நீ கஷ்டப்படாதம்மா."

"நான்தான்டி பிடிச்சேன்" என்றேன்.

"சரிம்மா, சரி" என்றாள், குழந்தையிடம் பேசுவதுபோல்.

அவர்கள் போனதும் அழுதேன். பூனை வந்தது. தூக்கினேன். அதுவும் பழகிவிட்டிருந்தது, துள்ளவே இல்லை. அரிசிப் பை மாதிரி என் தோளில் கிடந்தது.