முன்னால் போகிறவர்

"நெசமாவே மலை கலர் கலராவா இருக்கும்?"

"ஆமா காசி. தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப் பக்கம் செவப்பு, மஞ்சள், பச்சைன்னு பாலைவன மலைங்க. நடுவுல பழங்காலத்து ஊருங்க. எல்லாம் லேசான நடைதான், நீகூட நடந்துருவ."

கல்யாணமான புதிதில், நூலகப் புத்தகத்தைக் காட்டிச் சென்றாயன் இப்படிச் சொன்னபோது காசியம்மாள் கிறங்கித்தான் போனாள். அவன் பூகோள வாத்தியார்.

இப்போது சித்தேரி மலையின் அகலமான வண்டிப்பாதையில், அதே ஆண்டிஸைப் பற்றிப் பேசிக்கொண்டே அவன் போனான், வழக்கம்போல் பத்தடி முன்னால். பெண்டாட்டியோடு சேர்ந்து நடந்தால் ஊர் சிரிக்கும் என்பது அவன் வீட்டு எண்ணம். கடைத்தெருவானாலும் கோயிலானாலும் இத்தனை வருஷமாக அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். இங்கே சிரிப்பதற்கு ஓர் ஆள்கூட இல்லை. அப்படியும் முதுகுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சத்தத்தையே காணோம்? அசந்துட்டியா?" என்று திரும்பாமலே கேட்டான்.

அவள் நின்றுவிட்டாள். "யாருகிட்டங்க பேசறீங்க? எதிர்ல இருக்கற மரத்துகிட்டயா? மாடு ஓட்டறவன்கூட மாட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் நடக்கறான்!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாராச்சும் பார்த்தா..."

"பார்க்கட்டும்." நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை. "ஒரு தடவையாச்சும் எம் பக்கத்துல நடங்க."