தலையில் வைத்த கை

"ஆர்லீன், இது நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிடுறேன்," என்று போனை நீட்டினான் டுவேன்.

படத்தில் இருந்தது நான்தான். முகம் முழுக்கப் பச்சைச் சாயம், ஒட்டவைத்த ரப்பர் காது, கையில் ஸ்பாஞ்சு சுற்றிய கத்தி. பின்னால் பைன் மரங்கள்.

"நான்தான். குறளி வேஷம். காட்டுல வேஷம் கட்டி நடிச்சுக்கிட்டே கதை ஆடுற கூட்டம் ஒண்ணோட போயிருந்தேன்," என்றேன்.

லைலின் வீட்டு பேஸ்மென்டில் எல்லாரும் போனை எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் மெரில். மெரில் என் புருஷன்.

ஷெபாய்கன் ஊரில் எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் என்றால் லைலின் மேஜைதான். லைல் கதை சொல்வான். கோட்டை, குகை, நாகம் எல்லாம் அவன் வாயிலிருந்து வரும். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவை உடைக்கிறேன்' என்று வாயால் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவோம். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மெரில் போர்வீரன், டுவேன் மந்திரவாதி, நான் வைத்தியக்காரி. நான் இந்த மேஜைக்கு வந்த முதல் நாளே, "பொம்பளை வந்தாச்சு, இனிமே காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இருக்கு" என்றான் லைல். அன்று ஆரம்பித்தது. கட்டுப் போட்டே தலை நரைத்துவிட்டது.

அந்தக் கதை இப்போது முடியப் போகிறது. வடக்கு மலையில் நாகத்தோடு கடைசிச் சண்டை. இத்தனை வருஷம் கூடவே நடந்தவள், முடிகிறபோது என் வைத்தியக்காரியும் அங்கே நிற்க வேண்டும், அவள் பெயரையும் லைல் சொல்லி முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"மரத்துக்கு மரம் ஓடினியாமே, அறுபத்தெட்டு வயசுல?" என்றான் டுவேன்.

"எங்க ஓடுறது, முட்டி விட்டாத்தானே. ஒளிஞ்சேன். ஒரு ராஜாவோட மோதிரத்தைத் திருடினேன்."

"ராஜா யாரு, மளிகைக் கடையில தள்ளுவண்டி அடுக்குற பையனா?"

"பல் டாக்டர். இங்க யாரும் என்னைத் திருட விட்டதில்லையே, டுவேன். அங்க யாரும் காயத்தைக் காட்டல."

லைல் சிரிக்கவில்லை. "நான் சின்னவனா இருந்தப்ப என் பகடையைப் பிசாசோட எலும்புன்னு சொன்னாங்க சர்ச்சுல. எங்கம்மா எடுத்து அடுப்புல போட்டா. இது மூளையால ஆடுற ஆட்டம்னு ஊருக்குப் புரிய வைக்கவே எனக்கு ஆயுசு போச்சு. இந்த வேஷக்காரங்க பச்சை மூஞ்சியோட பெட்ரோல் பங்குல வந்து நிக்கிறாங்க. பாக்குறவன் என்னையும் அவங்களையும் ஒண்ணாத்தான் நினைக்கிறான்."

"உன்னைப் பாத்துச் சிரிச்சவங்களை உனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறமும் சிரிக்கிறே."

"நான் எங்க சிரிக்கிறேன்? வெக்கப்படுறேன்."

மெரில் இடையில் புகுந்தான். "அது கிடக்கட்டும். நடுக்காட்டுல ஒண்ணுக்கு வந்தா குறளி எங்க போகும்?"

நிஜமாகக் கேட்கிறான் என்று நினைத்துப் பதில் சொன்னேன். "கையைத் தலைமேல வெச்சுக்கிட்டுப் போவோம். தலையில கை இருந்தா அந்த ஆள் கதையில இல்லைன்னு அர்த்தம். யாரும் பாக்கக் கூடாது, பேசக் கூடாது."

டுவேன் உடனே கையைத் தூக்கித் தன் வழுக்கையில் வைத்தான். "நான் இங்க இல்ல. ஆர்லீன் பேசுறது எனக்குக் கேக்கல."

அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மறு வாரம் நான் வாயைத் திறந்ததும் இரண்டு கைகள் ஏறின. அதற்கடுத்த வாரம் மூன்று. 'கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேக்குதான்னு பாக்குறேன்' என்பேன். மூன்று பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். சிரித்து முடித்து, "சரி சரி, உருட்டு" என்பார்கள். போகப் போக அந்த 'சரி' தாமதமாக வந்தது. சில சுற்றுகளில் வரவே இல்லை.

வீட்டில் மெரிலிடம் சொன்னேன். "நீயாவது வைக்காதே."

"சும்மா தமாஷுக்கு, ஆர்லீன். நீ காட்டுக்குப் போறதை விடு, அவங்களும் விட்டுடுவாங்க."

"அவங்களை விடு. நீ?"

டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

கடைசிச் சண்டையன்று மெரில் தன் வீரனின் ஈயப் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தான். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து அவனே வண்ணம் தீட்டியது. நாகம் மலை உச்சியில் காத்திருந்தது. மூன்றாவது சுற்றில் அதன் வால் வீரனை அடித்தது. லைல் பகடையைப் பார்த்துவிட்டு, "விழுந்துட்டான், ரத்தம் போகுது" என்றான். விழுந்தவனுக்கு அந்தச் சுற்று முடிவதற்குள் கட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் செத்தான். லைலின் கதையில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை.

"நான் அவன்கிட்டப் போறேன். கட்டுப் போடுறேன்," என்றேன்.

மூன்று கைகளும் தலைக்குப் போயின. மெரிலின் கையும்தான். அவன் வீரன் அங்கே ரத்தம் கொட்டிக் கிடக்கிறான், இவன் தோள் குலுங்கச் சிரிக்கிறான்.

"லைல், கட்டுப் போடுறேன்னு சொல்றேன்."

"காத்தடிக்குதா, டுவேன்?"

"ஜன்னலைச் சரியா மூடல போலிருக்கு."

மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "சரி ஆர்லீன், இப்ப நிஜமா. சுத்து முடியப் போகுது, உருட்டு," என்றான் லைல்.

நான் கையைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

அதற்கும் சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

"போதும்மா," என்றான் டுவேன். "நல்லா இருந்துச்சு. கையை எடு."

"ஆர்லீன், அவன் செத்துடுவான்," என்றான் மெரில். நான் கூரையைப் பார்த்தேன். அவன் லைல் பக்கம் திரும்பினான். "அவதான் முன்னாடியே சொன்னாளே, கட்டுப் போடுறேன்னு. ரெண்டு தடவை சொன்னாளே."

ஆக, கேட்டிருக்கிறது.

லைல் மேஜையைப் பார்த்தபடி இருந்தான். மேஜையில் அவன் காதில் விழாதது நடக்காதது. அது அவன் போட்ட சட்டம். அதை வைத்து எத்தனையோ பேரை அழவிட்டிருக்கிறான். "எனக்குக் கேக்கலையே, மெரில்," என்றான். சற்றுமுன் தமாஷாகச் சொன்னதை இப்போது சட்டமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வீரன் செத்தான். முன்னால் நிற்க ஆளில்லாமல் மந்திரவாதி அடுத்த சுற்றிலேயே எரிந்து போனான். லைல் தன் குறிப்புகளை மறைத்து நின்ற அட்டைத் தடுப்பை மடித்து வைத்தான். வைத்தியக்காரி என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தலையில் வைத்த கையோடு மேலே போனேன். சமையலறையில் லைலின் மனைவி பெர்னடீன் பாலாடைக்கட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். "என்ன, தலைவலியா?" என்றாள்.

"இல்ல. கீழ கதை முடிஞ்சிடுச்சு."

காரில் ஏறி, பெல்ட் போடுவதற்காகக் கையை இறக்கினேன். அதற்காகவே காத்திருந்தவன் போல மெரில் பேசினான். பொம்மை அவன் மடியில் கைக்குட்டைக்குள் இருந்தது.

"வேணும்னேதானே அவனைச் சாக விட்டே?"

பெல்ட்டின் கொக்கி மாட்டவில்லை. இரண்டு தடவை அழுத்தினேன்.

"சரி, போகட்டும். அடுத்த வாரம் லைல் புதுக் கதை ஆரம்பிக்கிறானாம். வைத்தியக்காரி இல்லாம முடியாதுன்னு சொன்னான். நீ வருவேதானே?"

கொக்கி மாட்டியது. கையை மறுபடியும் தலைக்குக் கொண்டுபோனேன்.