டெய்சிக்கு ஒரு அறை

சிஜினுக்கு லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. இனி அடுத்த லீவு கிடைக்க இரண்டு வருஷமாவது ஆகும். கல்யாணத்துக்கு வந்தபோது விருந்து தின்றே நாள் தீர்ந்துபோனது. இந்த முறை மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள அவனது வீட்டில் மாடி எடுக்கிற வேலை நடந்தது. இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் சிமெண்டு மூட்டைகள் ஏறிக்கொண்டன. இன்னொன்றில் சிஜினும் ஜாஸ்மியும் படுத்தார்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா நேசபாய் படுத்து, உலகத்திலுள்ள எல்லோருக்காகவும் பெயர் சொல்லி ஜெபம் பண்ணினாள். கட்டிய மனைவியிடம் பிறர் காதில் விழாமல் ஒரு வார்த்தை சொல்ல மொட்டைமாடிக்குப் போனால் அங்கே கொத்தனார் நின்றார்.

சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று சிஜினிடம் இருந்தது. ஃபாமிலி விசாவுக்குக் கம்பெனி சரி சொல்லிவிட்டது. என்னோடு வருகிறாயா என்று ஜாஸ்மியிடம் கேட்கவேண்டும். அம்மாவின் காதில் விழும் முன் கேட்கவேண்டும்; விழுந்துவிட்டால் அது அவர்கள் இருவருடைய விஷயமாக இருக்காது, சபையின் ஜெப விண்ணப்பமாகிவிடும். ஆகவே கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஓர் அறை, ஓர் இரவு, விடியும்போது கையில் காப்பி என்று கனவு கண்டான். கனவில் காப்பி ஆறிப்போகும் அளவுக்கு அவன் பேசினான்.

கனவில் இல்லாத ஒன்று டெய்சி.

டெய்சி, ஜாஸ்மியோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த நாய். பழுப்பு நிறம், மூக்கைச் சுற்றி நரை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் நிற்கும். நகையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பல நாள் பேசினார்கள். ஜாஸ்மி ஒரு முறை அதை விட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போய் இரவு தங்கினாள். டெய்சி பட்டினி கிடந்து விடிய விடிய ஊளையிட்டது. காலையில் எதிர்வீட்டு ரசலையன் வெள்ளை வேட்டி உடுத்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்துவிட்டார். அன்றோடு நேசபாய் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“நீங்க எங்க வேணும்னாலும் போங்க மக்கா. அதையும் கொண்டு போகணும்.”

ஜாஸ்மியும் அதையேதான் சொன்னாள், வேறு குரலில்.

பிறகு தேடல் தொடங்கியது. சிஜின் முதலில் கூப்பிட்ட லாட்ஜில், கௌரவமாக இருக்கட்டும் என்று, நாய் என்று சொல்லாமல் இங்கிலீஷில் பெட் கொண்டு வரலாமா என்று கேட்டான். டபுள் பெட்டே போட்டிருக்கிறோம், வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா பெட்டும் தருவோம், வீட்டிலிருந்து எதற்குச் சுமந்துகொண்டு வருகிறீர்கள் என்று அங்கே அன்போடு கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் பட்டென்று நாய் என்றே சொன்னான். அந்தச் சொல் முடிவதற்குள் இணைப்பு போய்விட்டது. மூன்றாவது இடத்தில் நாய்க்கு அனுமதி இருந்தது, ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. முட்டத்தில் வீட்டோடு அறை வாடகைக்கு விடும் ரீத்தா என்ற அம்மாள் மட்டும் மனதார அழைத்தாள். அவள் வீட்டில் பூனைகள் ஆறு என்பதை டெய்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிஜின் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

“நாய்னு சொன்னா கேக்கவனுக்குக் கடிச்ச மாதிரி இருக்கும் அத்தான்,” என்றாள் ஜாஸ்மி. “நம்ம ஊர்ல சொல்லுத மாதிரி பட்டின்னு சொல்லுங்க. கன்னியாரியில பாதி ஆளு மலையாளத்துக்காரன். மனசிலாவும்.”

அடுத்த லாட்ஜைக் கூப்பிட்டபோது மாடியில் கான்கிரீட் மிக்சர் சுற்றத் தொடங்கியிருந்தது. போனை எடுத்த மேனேஜர் அருப்புக்கோட்டைக்காரர், கன்னியாகுமரிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பட்டி என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை என்பது சிஜினுக்குத் தெரியாது. காதில் ஒரு விரலை அடைத்துக்கொண்டு, ஆள் இரண்டு பேர், கூட ஒரு பட்டியும் உண்டு என்றான்.

“பாட்டியா? தாராளமா கூட்டிட்டு வாங்க சார்.”

கிழக்கே உள்ளவர்கள் நம் வார்த்தையைச் சொன்னால் இப்படித்தான் இழுக்கும் என்று சிஜின் நினைத்துக்கொண்டான். பெயர் கேட்டார், டெய்சி என்றான். வயது கேட்டார், ஏழெட்டு இருக்கும் என்றான். மிக்சர் சத்தத்தில் அது எழுபத்தெட்டாகப் போய்ச் சேர்ந்தது. நடப்பாங்களா என்று கேட்டார். மரியாதையான லாட்ஜ் என்று சிஜினுக்குச் சந்தோஷமாக இருந்தது. நடக்கும், ஓடவும் செய்யும், படி ஏறத்தான் மடி, சோம்பல் என்றான். சாப்பாட்டுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், சோறும் மீனும் பிசைந்து முள் எடுத்து வைத்தால் போதும் என்றான். படுக்கை பற்றிய பேச்சு வந்தபோதுதான் அந்தப் பக்கம் குரல் மாறியது.

“படுக்கை எதுக்கு? ராத்திரி வராண்டாவில கட்டிப் போட்டுருவோம்.”

“கட்டிப் போடுவீங்களா?”

“கட்டலன்னா ஆளைக் கண்டா மேல சாடும்லா.”

இதுவும் போய்விட்டது என்றே சிஜின் நினைத்தான். பிறகு மேனேஜர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“எங்க லாட்ஜ்ல யாரையும் கட்டிப் போட நான் விடமாட்டேன் சார். ரூமுக்குள்ள, கட்டில்லதான் படுக்கணும். கீழ்த்தளத்துல கடல் பாத்த ரூம் தாறேன். கூட்டிட்டு வாங்க.”

சிஜின் போனை வைத்தான். உலகத்தில் இப்படியும் மனிதர் உண்டு என்று ஜாஸ்மியிடம் சொன்னான். அவள் டெய்சியைக் குளிப்பாட்டப் போனாள்.

மறுநாள் சிஜினின் கூட்டுக்காரன் ஷைஜுவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். சீட்டில் ஒரு முடிகூட இருக்கக்கூடாது என்பது ஷைஜு போட்ட நிபந்தனை. அதனால் டெய்சி நேசபாயின் பழைய ஜமுக்காளத்தின் மேல், ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டு, சுங்கான்கடை மலையையும் பார்வதிபுரம் பாலத்தையும் சொந்த நிலத்தைப் பார்வையிடுகிற முகத்தோடு கடந்து வந்தது.

லாட்ஜ் வாசலில் மேனேஜர் சக்கர நாற்காலியோடு நின்றார். மெலிந்த மனிதர், மேல் பொத்தான்வரை போட்ட சட்டை. சிஜின் நீட்டிய கையை அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

“பாட்டி எங்க?”

“பின்சீட்டுல கிடக்கு,” என்றான் சிஜின். “வண்டியில வந்தா அது கொஞ்சம் ஒறங்கும்.”

மேனேஜருடைய முகம் சிவந்தது. அவர் நேற்றிலிருந்து மனதில் அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் அப்படியே இறக்கினார். வயசானவர்களை அது, கிடக்கு என்று பேசலாமா, சின்ன வயதில் நம்மைத் தூக்கி வளர்த்தவர்களைச் சங்கிலியில் கட்ட எப்படி மனம் வருகிறது, மீன்முள்ளை எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான் நீங்கள் செய்கிற புண்ணியம், படித்த பிள்ளைகள் மாதிரி இருக்கிறீர்கள். சிஜின் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டினான். பிராணிகள் மீது இவ்வளவு பிரியமா என்று அவனுக்கு ஆச்சரியம். ஜாஸ்மிக்குத்தான் ஏதோ தட்டியது. அவள் காரின் பின்கதவைத் திறந்தாள்.

டெய்சி இறங்கியது. உடம்பை ஒரு முறை உதறியது. பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்தது. ஜாஸ்மியின் ஸ்கூட்டரில் முன்னால் நின்று பழகிய பிராணி, சக்கரம் வைத்த எதையும் தனக்காகச் செய்தது என்றே எண்ணும். ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்து, மேனேஜரைப் பார்த்து வாலை ஆட்டியது.

மேனேஜர் காருக்குள் குனிந்து பார்த்தார். ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

“டெய்சி?” என்றார்.

டெய்சி ஒரு தரம் குரைத்தது.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ராத்திரி முழுவதும் தான் தூங்கவில்லை என்றும், கட்டிப் போட்ட ஒரு கிழவி கண்ணுக்குள்ளேயே நின்றாள் என்றும், போலீசுக்குச் சொல்லலாமா என்றுகூட யோசித்ததாகவும் சொன்னார். அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மன்னிக்கணும், நாய்க்கு இடம் கிடையாது என்றார்.

முதலாளி பகவதியப்பனின் உத்தரவு அது. போன வருஷம் ஒரு விருந்தாளியின் நாய் ரிசப்ஷன் சோபாவைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது. அன்றைக்குக் கேமரா வைத்தவர், நாகர்கோவிலில் தன் நகைக்கடையில் உட்கார்ந்தபடி நாள் முழுவதும் போனில் அந்தப் புதுச் சோபாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குப் போக ரிசப்ஷனைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சிஜின் கடலைப் பார்த்தான். அது லாட்ஜுக்குப் பின்னால், ஒரு கதவுக்கு அப்பால் இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றான். அப்போது ஜாஸ்மி சொன்னாள்.

“நான் இதுகூட வண்டியில கிடந்துக்கிடுதேன். நீங்க ரூம்ல படுங்க அத்தான். இவ்வளவு தூரம் ஆசைப்பட்டு வந்தியளே.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போது வெளிநாடு போகணும் என்று சிஜினிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றான். திரும்பி வருவது எப்போது என்று கேட்டார். இரண்டு வருஷமாவது ஆகும் என்றான். அருப்புக்கோட்டையில் இருக்கும் தன் மனைவியை மேனேஜர் மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறவர். அவர் உள்ளே போய் ஒரு வெள்ளைப் போர்வையோடு வந்தார்.

“முதலாளிகிட்ட பாட்டி வர்றாங்கன்னு நேத்தே சொல்லியாச்சு,” என்றார். “சொன்ன வார்த்தை சொன்னதாவே இருக்கட்டும்.”

ஜாஸ்மி டெய்சியின் தலைக்கு முக்காடு போட்டு, மோவாய்க்குக் கீழே தன் ஊக்கைக் குத்தினாள். மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சிஜினின் கைக்குட்டையைக் கட்டினார்கள். மேனேஜர் நாற்காலியைத் தள்ள, பேரனும் பேரன் பெண்டாட்டியும் இரண்டு பக்கமும் குனிந்த தலையோடு நடக்க, ஊர்வலம் ரிசப்ஷனுக்குள் நுழைந்தது. சோபாவில் திருப்பூர்க் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்கள் மரியாதைக்காக எழுந்து நின்றார்கள். புதுச் சோபா முழுதாகக் கண்ணில் பட்டதும் டெய்சி தன்னை மறந்து குரைத்துவிட்டது.

“இருமல்,” என்றார் மேனேஜர், நடையை நிறுத்தாமல்.

அதிமதுரம் நல்லது என்று அந்தக் குடும்பத்து அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய உடனேயே மேனேஜரின் போன் அடித்தது. பகவதியப்பன்தான். பாட்டி வந்ததைப் பார்த்தேன், ஏன் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டார். வயசு சார் என்றார் மேனேஜர். போர்வைக்கு அடியில் பின்பக்கமும் ஏதோ ஆடியதே என்றார் முதலாளி. அதற்கும் வயசு சார் என்றே பதில் வந்தது. நல்லா கவனிச்சுக்கோ, எங்க அம்மையை நினைச்சுக்கிட்டேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மேனேஜர் நெற்றியைத் துடைத்தார்.

அறையில் சிஜினுடைய கனவுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. பாட்டி உருண்டு விழுந்துவிடக்கூடாது என்று மேனேஜர் முந்தின நாளே மூன்றாவது கட்டிலை மற்ற இரண்டுக்கும் நடுவில் போட்டு, கட்டில் கால்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். நடுக்கட்டில் டெய்சிக்குப் பிடித்துப்போனது. சாயங்காலம் வந்த கஞ்சியையும் நெய்மீன் துண்டையும் தின்றுவிட்டு அதில் நீளவாக்கில் படுத்தது. சிஜின் ஒரு முறை அந்தப் பக்கம் கை நீட்டினான். ஈர மூக்கு ஒன்று தட்டுப்பட்டது. கேட்கவேண்டியதைக் கேட்காமலே தூங்கிப்போனான்.

வானம் வெளுக்கும்போது கதவு தட்டப்பட்டது. மேனேஜர் நாற்காலியோடு நின்றார். பாட்டியால் மொட்டைமாடிக்கு ஏற முடியாது, நீயே கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சூரிய உதயம் காட்டு என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டெய்சி அவரைக் கண்டதும் நாற்காலியில் ஏறி, முக்காட்டுக்குத் தலையை நீட்டியது. ஜாஸ்மி ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அவள் இல்லாமல் டெய்சி வாசல் தாண்டியதில்லை.

“கட்டில்லயே படுக்க வச்சவன்மா நான்,” என்றார் மேனேஜர். “பாத்துக்க மாட்டேனா?”

அவள் ஊக்கைக் குத்திவிட்டாள். சக்கரச் சத்தம் ரிசப்ஷனைத் தாண்டிப் போனது.

பின்வராண்டாவில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. கையில் காப்பி இருந்தது. கடல் சாம்பலிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தடுப்புப் பலகை இல்லை, கொத்தனார் இல்லை, நடுவில் டெய்சியும் இல்லை. சிஜின் கனவில் பேசிய அழகான வார்த்தைகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“விசா கிடைக்கும்,” என்றான். “ஃபாமிலி விசா. வாறியா?”

ஜாஸ்மி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறத் தொடங்கியது. நாயை விமானத்தில் ஏற்றுவதற்கு என்ன ஊசி, என்ன சீட்டு என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பதாக அவன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் திரும்பினாள்.

“அங்க வீடு பாக்கும்போ பெட் கொண்டு வரலாமான்னு கேக்காதீங்க அத்தான். பின்னயும் கட்டில்தான் தருவான்.”

அது சம்மதம் என்று புரிவதற்குச் சிஜினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தான். கடற்கரையில் கூட்டம் ஹோவென்று சத்தம் போட்டது. சூரியன் தலை காட்டியிருக்கவேண்டும். அந்தச் சத்தத்துக்கு மேலே, நன்றாகத் தெரிந்த குரலில், தொடர்ந்து நாலைந்து குரைப்புகள் கேட்டன.

“பாட்டி இருமுது,” என்றான் சிஜின்.

“இருமுறாங்கன்னு சொல்லுங்க,” என்றாள் ஜாஸ்மி.