பாட்டில் விலையும் அப்பாவின் வாசற்படியும்

மருந்துக் கொட்டகை தரையைவிட்டு ஆளுயரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்த வருஷங்களில், எதிரே இருந்த பாட்டில் கொட்டகை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மிதப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வளாகத்தில் லாபம் காட்டிய கட்டடம் எழும்பும், நஷ்டம் காட்டியது இறங்கும். அப்பா அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "மண்ணு அப்படிங்க" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பக்கம் மூத்த மகள் உலை வைத்துக் கண்ணாடி பாட்டில் செய்தாள். மறுபக்கம் இளைய மகள் அதே பாட்டிலில் இருமல் மருந்தை ஊற்றி ஊரெல்லாம் விற்றாள். நடுவில் அப்பாவின் வீடு. அது மொத்தக் கம்பெனியின் லாபத்துக்குத் தகுந்தபடி நிற்கும்; அந்த நாளில் ஒரு படி உயரத்தில் நின்றது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? "வீட்டுக்குள்ள என்னம்மா வியாபாரம்" என்று சொல்லி, பாட்டிலை அடக்க விலைக்கே தங்கைக்குக் கொடுக்க வைத்திருந்தார் அப்பா. ஆகவே பெரியவள் எத்தனை பாட்டில் ஊதினாலும் அவள் கணக்கில் லாபம் என்று ஒரு பொட்டு விழாது. அத்தனையும் மருந்தோடு சேர்ந்து தங்கை கணக்கில் ஏறும், தங்கை கொட்டகை எழும்பும். மழை பெய்தால் பெரியவள் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை பார்ப்பாள். சின்னவள் மேலே ஜன்னலில் உட்கார்ந்து தலை உலர்த்துவாள். இருமல் நின்றவர்கள் மருந்தைப் புகழ்ந்தார்கள். பாட்டிலைப் புகழ்ந்து ஒரு மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது வேறொன்று. அப்பா தினமும் சாயங்காலம் மூட்டுவலியோடு ஏணியில் ஏறித் தங்கையிடம் போய் டீ குடித்துவிட்டு வந்தார். பாட்டில் கொட்டகைக்கு ஏணியே வேண்டாம், சும்மா நடந்து வரலாம். ஆனாலும் அவர் வரவில்லை. தன் கொட்டகையும் எழும்பினால் அப்பா அண்ணாந்து பார்ப்பார், ஏறியும் வருவார் என்று அவள் நம்பினாள். அந்த ஒரு வாய் டீக்காகத்தான் பின்னால் நடந்தது எல்லாம்.

ஒருநாள் அழுது அடம்பிடித்து, பாட்டில் விலையைத் தானே வைக்கிற உரிமையை அப்பாவிடம் வாங்கிக்கொண்டாள். வைத்தாள் பாருங்கள் ஒரு விலை! வாரம் முடிவதற்குள் பாட்டில் கொட்டகை வேரோடு பிடுங்கினாற்போலக் கிளம்பி மேலே போனது. மருந்துக் கொட்டகை இறங்கி மண்ணைத் தொட்டது. கம்பெனிக் கணக்கர் வெளியே வந்து மூன்று கட்டடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நடுவீடு ஒரு நூல்கூட அசையலையே" என்றார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக ஏணி வாங்கிச் சாத்தினாள், நல்ல கோப்பை வாங்கினாள், டீ போட்டு வைத்துக் காத்திருந்தாள். அப்பா வீட்டைவிட்டு இறங்கினார், ஏணியைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார். "இனிமே ஏணியெல்லாம் நமக்கு ஆகாதும்மா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்துவிட்டு, தரையோடு கிடந்த தங்கை கொட்டகைக்குள் நடந்து போய்விட்டார்.

"அவளுக்கு ஏறின காலு எனக்கு மட்டும் ஏறாதா?" என்று பெரியவள் மேலே நின்று கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. அந்த ஆத்திரத்தில் விலையை இன்னும் ஏற்றினாள். தங்கை மண்ணுக்குள்ளேயே போகட்டும் என்று நினைத்தாள். அதை மறைக்கவும் இல்லை.

சின்னவள் வாய்ச்சண்டைக்கு வரவில்லை. வெளியூர்க்காரனிடம் அதைவிடக் குறைந்த விலைக்கு பாட்டில் வாங்க ஆரம்பித்தாள். அக்காவின் பாட்டில்கள் கூரை முட்ட அடுக்கிக்கிடந்தன. கண்ணாடி உலையை அணைக்க முடியாது, அணைத்தால் வெடித்துப்போகும். எனவே வேலை இல்லாமலே அது எரிந்து விறகைத் தின்றது. பாட்டில் கொட்டகை தடதடவென்று இறங்கியது. மருந்துக் கொட்டகை கொஞ்சம் எழும்பியது, பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவீடுதான் அசைந்தது. முதலில் வாசற்படி மண்ணுக்குள் போயிற்று, அப்புறம் கதவு பாதி, அப்புறம் ஜன்னலின் அடிக்கட்டை. ஒரு காலையில் அப்பா ஜன்னலில் உட்கார்ந்து, வெளியே வருவதற்காக, தூக்க முடியாத காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்ததை இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள்.

"அப்பாவைப் புதைக்கப் பார்த்தியேடி" என்றாள் பெரியவள்.

"நான் என்ன பண்ணட்டும்க்கா? நீ சொன்ன விலையைப் பார்த்தா வெளியில வாங்குறதுதான் லாபம்னு தெரிஞ்சுது. உன் உலை சும்மா எரியுதுங்கறது அந்த விலையில எங்க தெரியுது? விலை எனக்கு உண்மையைச் சொன்னாத்தானே நான் சரியா முடிவெடுப்பேன்?"

தான் வைத்தது பாட்டிலுக்கு விலையே அல்ல, தன் பொறாமைக்கு விலை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன் அப்பா வைத்ததும் அப்படித்தான். அவள் உழைப்பை மறைத்த விலை. அப்பா மண்ணைத் தட்டிக்கொண்டு, "அது என் தப்பு" என்றார், யாரும் கேட்காமலே. உடைந்த பெட்டி மேல் உட்கார்ந்து கணக்கர் சொல்லச் சொல்ல அக்காவும் தங்கையும் பேசி முடித்தார்கள். வெளியில் விற்கிற விலை என்னவோ அதுதான் விலை. வண்டிக்கூலியும் பெட்டி கட்டும் செலவும் மிச்சமாவதால் அதை மட்டும் தங்கைக்குக் கழித்துவிட வேண்டும்.

சின்னவள் மறுபடி அக்காவிடமே வாங்கினாள், மிஞ்சின பாட்டிலைப் பெரியவள் வெளியிலும் விற்றாள். நடுவீடு மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது, பழைய உயரத்தையும் தாண்டியது. இரண்டு கொட்டகைகளும் அதன் மட்டத்துக்கு வந்து நின்றன. மருந்துக் கொட்டகை மட்டும் ஒரு விரற்கடை உயரம். பெரியவள் தினமும் ஜன்னல் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொள்வாள், தினமும் எரிவாள். நடுவே பலகை போட்டார்கள். அப்பா ஏறாமல் இறங்காமல் நடந்து பாட்டில் கொட்டகைக்கு வந்தார், புதுக் கோப்பையில் டீ குடித்தார், ஜன்னலைப் பார்த்து, "இங்கேருந்து சின்னவ கொட்டகை என்ன அழகா தெரியுது!" என்றார். மறுநாளே பெரியவள் அந்த ஜன்னலுக்குக் கெட்டியான திரை வாங்கித் தொங்கவிட்டாள்.

திரை போட்ட பிறகும் அப்பா வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னார். மூன்று கட்டடமும் மேலேயே நின்றுவிட்டதால், அங்கே கடிதம் கொண்டுவரும் தபால்காரர் சொந்தமாக ஓர் ஏணி வைத்துக்கொண்டார்.