முதல் தோல்

மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றபடி இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தலை காலடியில் ஓடும் வாய்க்காலில் விழுந்தது, உடல் தட்டில் விழுந்தது. ஐஸ் தண்ணீரும் இறால் கறுக்காமலிருக்கப் போடும் மருந்தும் கலந்து முழங்கை வரை வழிந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. ஹொமைராவின் புருஷன் அவளைக் கட்டிலின் அந்த ஓரத்துக்குத் தள்ளி வருஷக்கணக்காகிவிட்டது.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற செனைதா இந்தப் பருவத்தில்தான் வேலைக்கு வந்தவள். எதிர்வீட்டுப் பெண். கூட்டிவந்து சேர்த்துவிட்டதே ஹொமைராதான்.

கழிப்பறைக்குப் போவதென்றால் நெப்தலியிடம் கேட்க வேண்டும். படித்தவரோ இல்லையோ, மேற்பார்வை பார்க்கிறவரெல்லாம் அங்கே இஞ்சினியர்தான். "இஞ்சினியர், ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்" என்றால், "லாரி நிக்குது, அடக்கிக்க" என்பார். அடக்கி அடக்கி செனைதாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. கம்பெனி நர்ஸ் டப்பாவைச் சாய்த்து ஒரு கை வெள்ளை மாத்திரையைக் கொட்டிக் கொடுத்தாள். என்ன மாத்திரை என்று சொல்லவில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

கடுப்பு குறைந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, உதடு வெடித்தது. ஒருநாள் காலை கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கையில் தோல் கிளம்பியிருந்தது.

மேசையே ஆர்ப்பரித்தது. புதிதாக வருகிறவர்களின் கையை அந்த மருந்துத் தண்ணீர் எப்படியும் ஒருமுறை உரித்துவிடும். எல்லோருக்கும் உரிந்ததுதான். உரிந்த அன்று புதியவள் மேசைக்கே கோலா வாங்கித் தர வேண்டும்.

"முதல் தோல் விழுந்துடுச்சுடி! இனிமே நீ கம்பெனிக்கு மருமக!" என்று எதிரில் நின்ற மார்யூரி கத்தினாள். "சின்ன பாட்டிலா வாங்கி ஏமாத்திடாத!"

செனைதா பெரிய பாட்டிலாகவே வாங்கினாள். எல்லோரும் குடித்தார்கள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு வாய்க்காலில் துப்பினாள். துப்பியதில் ரத்தம் இருந்தது.

"வாயெல்லாம் எரியுதுக்கா. எச்சி கூட முழுங்க முடியல."

"எனக்கும் தோல் உரிஞ்சப்ப காய்ச்சல் வந்துச்சுடி, செத்தா போயிட்டேன்?" என்றாள் ஹொமைரா. "எதுக்கும் நர்ஸைப் பாத்துட்டு வா."

நர்ஸ் கையை மட்டும் பார்த்தாள். "இது இறால் தண்ணி உரிச்சது. காய்ச்சல் கிருமியால வருது. மாத்திரைய நிறுத்தாத, வேளைக்கு ரெண்டா போடு" என்றாள்.

மறுநாளும் செனைதா வேலைக்கு வந்தாள். வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அன்று பார்த்து வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் ஒருவன் வெள்ளைக் கோட்டும் முடியை மூடும் வலையுமாய் வந்திருந்தான். செனைதாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தடவித் தடவியே கிள்ளிக்கொண்டிருந்தாள். கையுறை தட்டின் விளிம்பில் மாட்டியது. அவள் இழுத்தாள். கையுறையோடு விரல்களின் தோலும் கழன்று வந்தது. சாம்பல் நிறத்தில், ஈரமாய், ஒரு நகமும் சேர்ந்து இறாலின் மேல் கிடந்தது. அவள் விரல்கள் உரித்த கோழி மாதிரி இருந்தன.

ஹொமைரா கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டு அந்தத் தோலையே பார்த்தாள். அந்தக் கோலாவில் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தவள் அவள்.

நெப்தலி ஓடிவந்தார். "கருமம், கருமம்! தட்டுல போட்டுட்டாளே! தட்டு ஓடுற பெல்ட்டை நிறுத்துங்க!"

வெள்ளைக் கோட்டுக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பி ஓங்கரித்தான்.

"இஞ்சினியர், புள்ளையோட கையப் பாருங்க" என்றாள் ஹொமைரா.

"கையை அப்புறம் பாக்கலாம். எந்தத் தட்டு? எவளும் தொடாதீங்க! அப்படியே ஐஸ்ல வெச்சு சீல் போடுங்க, குயாகில் சிட்டி லேபுக்கு டெஸ்ட்டுக்குப் போகணும்."

செனைதாவைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டார்கள். அவள் நடந்துபோன தரையில் உடனே குளோரின் ஊற்றித் தேய்த்தார்கள். ஹொமைரா யாரையும் கேட்காமல் அவள் பின்னாலேயே போனாள்.

நெடுஞ்சாலை ஓரத்து அரசுச் சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். செனைதாவின் சட்டையை மெல்ல விலக்கினார். முதுகுத் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"என்ன மாத்திரை போட்டாங்க?"

செனைதாவின் பையிலிருந்து ஹொமைரா மாத்திரைகளை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"சல்ஃபா மாத்திரை. நெறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. இவங்க உடம்புக்கு இது விஷமாயிடுச்சு. உடம்புத் தோல், வாய், கண்ணு எல்லாத்தையும் உரிச்சிட்டிருக்கு. காய்ச்சல் வந்தப்பவே நிறுத்தியிருக்கணும்."

"நேத்துதான் ரெண்டா போடச் சொன்னாங்க டாக்டர்."

டாக்டர் வாய்க்குள்ளேயே கெட்ட வார்த்தை சொன்னார். "இப்பவே குயாகில் கொண்டு போகணும். தீக்காய வார்டு. இங்க வெச்சிருந்தா கண்ணு போயிடும், உயிரும் போயிடும். எங்க ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு. எப்ப திரும்பும்னு தெரியல. உங்க கம்பெனியில வண்டி இருக்குமே?"

ஹொமைரா நெப்தலிக்குப் போன் செய்தாள்.

"வண்டி இப்பதான் குயாகிலுக்குக் கெளம்புச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவளுக்கு உயிர் வந்தது. குயாகிலுக்குப் போக வேறு ரோடு கிடையாது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். கம்பெனி வண்டி கிறீச்சிட்டு நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது.

"தம்பி, செனைதா உள்ள கெடக்கா. உடம்புல தோலே இல்ல. அவளுக்கு ஒரு சீட் குடு போதும், நான் பின்னாடி நின்னுட்டே வர்றேன்."

டிரைவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வண்டியில ஆள் ஏத்தக்கூடாதுன்னு ஆர்டர்க்கா. லேபுக்குப் போறவரைக்கும் அந்தத் தட்டுல வேற எந்தக் கிருமியும் பட்டுடக்கூடாதாம். என் வேலை போயிடும்க்கா, விடு."

கண்ணாடி ஏறியது. அவனுக்குப் பக்கத்து இருக்கையில் அந்தத் தட்டை வைத்துச் சீல் போட்ட ஐஸ்பெட்டி உட்கார்ந்திருந்தது. ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கிக் கவிழ்ந்துவிடாமலிருக்க, அதற்குச் சீட் பெல்ட் மாட்டியிருந்தார்கள்.